எலுமிச்சம்பழம், இருபது வளைவு, ஒரு பொய்: ஒரு காதல் நகைச்சுவைப் படம் தோற்று எழுந்த விதம்

சேலத்தில் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஆடியிலும் மார்கழியிலும் வேலை இருக்காது. புரட்டாசியும் பாதி அப்படித்தான். அந்த மாதங்களில் சிலர் கேமராவைத் துடைத்து வைப்பார்கள், சிலர் பாக்கி வசூலுக்கு அலைவார்கள், எங்களைப் போன்ற சிலர் படம் எடுப்பார்கள். இங்கே சொல்லப்போகிற படம் ஒரு மார்கழியில் எடுத்து, பொங்கல் விடுமுறையில் போட்டுக் காட்டி, தோற்று, அடுத்த ஆடியில் பாதிக்கு மேல் மறுபடி எடுக்கப்பட்டது. முதல் வடிவம் 41 நிமிடம். இரண்டாவது 29 நிமிடம். நான் அதன் எடிட்டர். கதை என்னுடையதல்ல. ஆனால் அது எங்கே செத்தது என்பதை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தவன் நான்தான்.

படத்தில் அவனுக்கும் அவளுக்கும் பெயர் கிடையாது. அது வேண்டுமென்று செய்ததல்ல, முதல் வடிவத்தில் பெயர் வைக்க மறந்துவிட்டோம். அந்த அளவுக்குத்தான் அவர்களைப் பற்றி யோசித்திருந்தோம்.

முதலில் எடுத்த கதை

அவன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் மகன். மலையில் ஒரு பெண்ணைக் காதலிக்க வைத்துக் காட்டுகிறேன் என்று நண்பனோடு பந்தயம் கட்டுகிறான். ஏற்காடு ஏரிக்கரையில் ஒருத்தியின் துப்பட்டா பறந்து இவன் முகத்தில் விழுகிறது. காபி எஸ்டேட் முதலாளி என்று பொய் சொல்கிறான். லேடீஸ் சீட்டில் ஒரு பாட்டு, பகோடா பாயின்டில் அதன் மிச்சம். இதற்கு நடுவே நண்பன் தனியாகக் குரங்குகளிடம் மாட்டுவான், குதிரை மேலிருந்து விழுவான், தட்டுவடை செட்டில் மிளகாயைக் கடிப்பான். பிறகு பொய் வெளியே வருகிறது. அவள் அழுகிறாள். கடைசியில் சேலம் ஜங்ஷனில் ரயில் நகரும்போது அவன் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கிறான். ஏற்காட்டில் இருக்கிற பெண் எதற்காக ரயில் ஏறினாள் என்று எங்கள் குழுவில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இயக்குநரின் சித்தப்பா பட்டறை மாடியில் புரொஜெக்டர் வைத்துக் காட்டினோம். ஐம்பது பேர் இருக்கலாம். பட்டறை ஆட்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், நாலைந்து கல்லூரி மாணவர்கள். நான் பின்னால் உட்கார்ந்து யார் எப்போது சிரிக்கிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் பதினொரு சிரிப்பு. பத்து நண்பனுக்கு. பதினோராவது, கதாநாயகி அழுதபோது வந்தது.

காதல் காட்சிகளின்போது மாடி முழுக்க சின்னச் சின்ன நீல வெளிச்சம். எல்லோரும் செல்போனை எடுத்துவிட்டார்கள்.

மூன்று கேள்விகள்

படம் முடிந்ததும் "நல்லாருக்குது" என்று நிறையப் பேர் சொன்னார்கள். அதனால் ஒரு பயனும் இல்லை. பயன் கொடுத்தவர்கள் மூன்று பேர்.

இயக்குநரின் பாட்டி கேட்டார்: "அந்தப் புள்ள என்ன வேலைக்குப் போவுது கண்ணு?"

"அவ ஏற்காட்டுல இருக்கா பாட்டி."

"இருக்கறது ஒரு வேலையா?"

பட்டறையில் பொடி வைக்கிற, அதாவது வெள்ளியைப் பற்றவைக்கிற, பெரியவர் ஒருவர் படத்தை விட்டுவிட்டு நடிகனின் கையைப் பற்றிப் பேசினார். "பட்டறைக்காரன் கையின்னா விரல் நுனியில சூடு பட்ட தழும்பு இருக்கோணும், நகக்கண்ணுல கருப்பு ஏறியிருக்கோணும். இது பேங்க்குல காசு எண்ணற கை."

மூன்றாவது, ஒரு கல்லூரிப் பெண். "அவன் பின்னாடியே போறான், அவ திரும்பிப் பார்த்துச் சிரிக்கறா. எனக்கு அந்த இடத்துல பயமா இருந்துச்சுங்க அண்ணா." இயக்குநருக்குக் கோபம் வந்தது. எத்தனை படத்தில் இப்படி வருகிறது என்று வாதாடினார். அவள் சொன்னது அதைத்தான்.

மறுபடி எடுத்ததில் உருப்படியான எல்லாமே இந்த மூன்று பேச்சிலிருந்து வந்தவை. ஆனால் அதற்கு முன்னால் அடிப்படைக் கோளாறு ஒன்று இருந்தது. அதை மாடியில் யாரும் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபோது எனக்கே தெரிந்தது.

நண்பனை எடுத்துவிட்டுப் பார்த்தேன்

நண்பன் வரும் துண்டுகளை எல்லாம் டைம்லைனிலிருந்து தூக்கினேன். 41 நிமிடம் 30 ஆனது. கதைக்கு ஒரு கீறல் இல்லை. அவன் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பத்து சிரிப்பும் அவனோடு போய்விட்டன. மிச்சம் இருந்தது சிரிப்பே இல்லாத ஒரு காதல் கதை, அதுவும் சுமாரானது.

ஏற்காடு ரோட்டில் போகிறவர்கள் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பார்கள். 1935இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியிருப்பது அது. முதல் நாள் ஷூட்டிங்குக்குப் போகும்போது நாங்களும் இறங்கி அதன் முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டோம். பழைய படங்களில் நகைச்சுவை தனித் தடமாக ஓடும். ராஜா ராணி கதை ஒரு பக்கம், காமெடி ஜோடி ஒரு பக்கம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. மூன்று மணி நேரம் சிறை, சாபம், பிரிவு என்று போகிற கதைக்கு இடையில் மூச்சுவிட இடம் வேண்டும். காதல் நகைச்சுவைக்கு அந்தத் தேவையே கிடையாது. யாரும் அங்கே மூச்சுத் திணறவில்லை. அங்கே காதலிக்கிறவர்களே வேடிக்கையாக இருக்க வேண்டும். எங்கள் படத்தில் காதலிக்கிறவர்கள் அழகாக மட்டும் இருந்தார்கள்.

ஒத்துப் பார்க்க நான் எடுத்துக்கொண்டது 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'. சேலத்தில் அதைப் பற்றிப் பேசினால் எல்லோரும் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியைத்தான் சொல்வார்கள். அது தனியாகவே நிற்கக்கூடிய காட்சி, சந்தேகமில்லை. ஆனால் படத்தைத் தூக்கி நிறுத்தும் உத்தரம் வேறு இடத்தில் இருக்கிறது. அசோக், பணக்கார விஸ்வநாதனின் மகளைக் கட்டுவதற்காகத் தன் நண்பன் வாசுவைப் பணக்கார அப்பாவாக வேஷம் போட வைக்கிறான். அந்த வீட்டின் இன்னொரு மகள்தான் வாசு காதலிக்கிற பெண். இப்போது வாசு வேஷத்தைக் கலைத்தால் நண்பனின் காதல் போகும், கலைக்காவிட்டால் தன் காதல் போகும். வாசுவாக வரும் முத்துராமன் நரைத்த தலையோடு தவிக்கிறபோது நாம் சிரிக்கிறோம். அந்தத் தவிப்பேதான் காதலுக்குத் தடையும். சிரிப்பு வேறு, தடை வேறு என்று அங்கே பிரிக்க முடியாது. ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் வந்துவிடும்.

எங்கள் படத்தில் பொய்யைப் பிடுங்கினாலும் முப்பத்தைந்தாவது நிமிடம்வரை ஒன்றும் ஆகாது. எஸ்டேட் முதலாளி என்று சொன்னதால் அவனுக்கு ஒரு நாளும் ஒரு தொந்தரவும் வரவில்லை. கடைசியில் அழுகைக் காட்சிக்குக் காரணம் வேண்டும் என்பதற்காக அந்தப் பொய்யைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தோம்.

பொய்க்கு ஒரு வயிறு

தீர்வு கேலியாக வந்தது. மார்கழி ஷூட்டிங்கில் ஒவ்வொரு நாளும் மலை ஏறும்போது எனக்குத் தலை சுற்றும். சேலம் ஏற்காடு பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. எட்டாவது தாண்டினால் நான் ஜன்னலோரம் போய்விடுவேன். ஆடிக்கு முன்னால் ஒரு நாள் கதை பேசிக்கொண்டிருந்தபோது கேமராக்காரர் சொன்னார்: "ஹீரோவா உன்னப் போட்டிருக்கணும். மலைக்காரன்னு பொய் சொல்லிட்டு வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்ப."

அப்படியே எழுதினோம்.

புதிய வடிவத்தில் அவன் நிஜமாகவே பட்டறை வேலை செய்கிறவன். ஏற்காட்டில் ஒரு கடைக்குக் கொலுசு போட்டிருக்கிறார்கள், திங்கட்கிழமை தோறும் பாக்கி வசூலிக்கக் காலை பஸ்ஸில் ஏறுகிறான். அவள் மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு கன்னங்குறிச்சி, தினமும் அதே பஸ். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர், இவன் வெள்ளைச் சட்டையைப் பார்த்துவிட்டு, "எஸ்டேட்டுக்குங்களா?" என்று கேட்கிறார். பாக்கி வசூலுக்கு என்று அவள் காதில் விழச் சொல்ல இவனுக்குக் கூச்சம். பேசாமல் இருக்கிறான். பொய் அவ்வளவுதான். இவன் வாயால் சொல்லவே இல்லை, மறுக்காமல் விட்டான்.

இந்த மாற்றம் சிறியது. ஆனால் இரண்டாவது முறை பார்த்தவர்கள் அவனை மன்னித்ததற்கு முதல் காரணம் இதுதான் என்பேன். பந்தயத்துக்காகப் பொய் சொன்னவனை யாரும் மன்னிக்க மாட்டார்கள், மன்னிக்கவும் கூடாது. 1955இல் வந்த 'மிஸ்ஸியம்மா'வில் முன்பின் தெரியாத இருவர் கணவன் மனைவி என்று பொய் சொல்வார்கள். அந்த வேலை தம்பதிகளுக்குத்தான் என்பதால், பிழைப்புக்காக. பொய்க்குப் பின்னால் ஒரு கஷ்டம் இருந்தால் நாம் சொன்னவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம், மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அவரோடு சேர்ந்து பதறுகிறோம். எங்கள் ஆளுக்கு இருந்தது பசிகூட இல்லை, கூச்சம். கூச்சம் எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம்.

ஒன்பதாவது வளைவில் அவனுக்கு வயிறு புரட்டுகிறது. மலைக்காரனுக்கு வயிறு புரட்டக் கூடாதே! அடக்குகிறான். அவள் கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டுகிறாள். அதை வாங்குகிற விரலைப் பார்க்கிறாள். நுனியில் தழும்பு, நகக்கண்ணில் கருப்பு. ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறைப் பெரியவர் சொன்ன கை இங்கே வந்தது. நடிகனை ஒரு வாரம் பட்டறையில் உட்கார வைத்தோம். தழும்பு மேக்கப், கருப்பு நிஜம்.

யாருக்கு என்ன தெரியும்

முதல் வடிவத்தில் அவள் ஏமாந்தவள். இரண்டாவதில் முதல் நாளே தெரிந்தவள். அவளுக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. இந்த ஏணி அமைந்தபின் வசனமே தேவைப்படவில்லை. சும்மா "மழை வருமாங்க?" என்று அவள் கேட்டாலே மாடியில் சிரித்தார்கள். கொலுசு வேலையில் பொடி வைத்து ஊதுவது என்றால் பற்றவைப்பது. பேச்சில் பொடி வைப்பது வேறு. டீச்சர் இரண்டாவதில் கெட்டிக்காரி. "உங்க தோட்டத்துல காபி மட்டுந்தானுங்களா, வெள்ளியும் விளையுதா?" என்று ஒரு இடத்தில் கேட்கிறாள். அவன் பழத்தைக் கடித்துவிடுகிறான்.

இரண்டாவது திங்கட்கிழமை பஸ்ஸில் முக்கால்வாசி இருக்கை காலி. அவள் ஏறி, பார்த்து, அவன் பக்கத்தில் வந்து உட்காருகிறாள். அந்தக் கல்லூரிப் பெண்ணுக்கான பதில் இந்த ஒரே ஷாட். பின்தொடர்வது போய்விட்டது. அவள் தேர்ந்தெடுக்கிறாள். அதுவரை அவன் படமாக இருந்தது அங்கே அவள் கைக்குப் போகிறது. இதற்கு இயக்குநர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஹீரோவுக்கு வேலையே இல்லாமல் போகிறது என்றார். வாந்தியை அடக்குவதைவிட என்ன வேலை வேண்டும்?

இன்னும் ஒன்று குறைந்தது. தெரிந்தும் அவள் ஏன் சொல்லவில்லை? ரசிக்கிறாள் என்பது இரண்டு வாரத்துக்குத் தாங்கும், ஆறு வாரத்துக்குத் தாங்காது. அவளுக்கும் அந்தப் பொய்யால் ஒரு காரியம் ஆக வேண்டும். வீட்டில் அம்மா பெங்களூரு மாப்பிள்ளை ஒருவரின் ஜாதகத்தோடு நிற்கிறார். தப்பிக்க, "எஸ்டேட்காரர் ஒருத்தர் பேசிட்டிருக்காரும்மா" என்று சொல்லிவிடுகிறாள். பாதிப் படத்தில் பொய் கைமாறிவிட்டது. இனி அவன் உண்மையைச் சொன்னால் அவள் மாட்டுவாள். அவன் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றுகிறாள், அவன் நிம்மதியாகிறான், நமக்குச் சிரிப்பு.

செவ்வாய்ப்பேட்டைக்கும் கன்னங்குறிச்சிக்கும் டவுன் பஸ்ஸில் போய்விடலாம். ஒரே ஊரில் இருக்கிற இரண்டு பேர் பார்த்துக்கொள்ள, ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. இதைப் படத்தில் யாரும் சொல்லவில்லை. கண்டக்டர் மட்டும் ஒரு முறை, "டீச்சர், உங்க எஸ்டேட் ஓனர் வந்துட்டாரு. இன்னிக்கும் பஸ்ஸுலதான்," என்பார். நண்பனுக்குப் பதில் மிஞ்சியது இந்தக் கண்டக்டர். மொத்தம் நாலு வசனம். அவர் வெளியாள் அல்ல. டிக்கெட் கொடுக்கிறவருக்கு யார் எங்கே ஏறுகிறார், எங்கே இறங்குகிறார் எல்லாம் தெரியும்.

ஆடியில் மார்கழியை எடுப்பது

நடைமுறைச் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் எடுத்தபோது காபிச் செடியெல்லாம் சிவப்புப் பழம், பறிப்பு நடந்துகொண்டிருந்தது. ஆடியில் போனால் எல்லாம் பச்சைக் காய். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் ஊரில் ஒருவராவது கண்டுபிடிப்பார். அதனால் செடியே தெரியாமல் எடுப்பது என்று முடிவு செய்து, கல்யாணத்துக்கு ஆள் ஏற்றும் பழைய பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, முக்கால் படத்தை அதற்குள்ளேயே எடுத்தோம். வெளியே பனிமூட்டம், அது இரண்டு மாதத்துக்கும் பொது. நெருக்கடியில் எடுத்த முடிவுதான், ஆனால் ஏரி, லேடீஸ் சீட், பாட்டு எல்லாம் அதில் தானாக உதிர்ந்துவிட்டன. இரண்டு பேர், ஒரு இருக்கை, தப்பித்து இறங்க முடியாத வண்டி. வீட்டுக் காட்சிகள்தான் கொடுமை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை. சேலத்தில் ஒரு வசனத்துக்குக்கூட மைக் செட் இல்லாத ஐந்து நிமிடம் கிடைக்கவில்லை. அம்மா பேசுவது முழுக்க டப்பிங்.

எடிட்டிங்கில் நான் செய்ததில் சொல்லத்தக்கது ஒன்றுதான். விரலைப் பார்க்கும் அவள் பார்வை. வினாடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் முதலில் 20 ஃபிரேம் விட்டேன். வீட்டில் அக்காவுக்குப் போட்டுக் காட்டினேன், அவள் கவனிக்கவில்லை. 60 விட்டேன். "கண்டுபிடிச்சுட்டா, அதுக்கென்ன இப்ப?" என்றாள். 38இல் நின்றது. கண்டுபிடித்த சந்தோஷம் பார்க்கிறவர்களுக்கும் கொஞ்சம் வேண்டும், அதற்கு மேல் விட்டால் நாம் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். முதல் வடிவத்தில் ஒவ்வொரு காமெடிக்கும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் போட்டிருந்தேன். அதையெல்லாம் எடுத்துவிட்டு, டிரைவர் கியர் மாற்றும் உறுமலை வைத்தேன்.

பதினான்காவது வளைவு

கடைசிப் பகுதிக்கு அம்மாவும் தாய்மாமனும் எஸ்டேட்டைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். அதே பஸ். எழுதியபடி, மலை மேல் யாரோ ஒருவரின் தோட்டத்தில் மாமன் காபியைப் பற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் எட்டு நிமிடக் காட்சி இருந்தது. எடுக்கவும் எடுத்தோம். நன்றாகவும் இருந்தது. வெட்டிவிட்டேன்.

ஏனென்றால் பதினான்காவது வளைவிலேயே அவனால் முடியவில்லை. ஜன்னலில் தலையை நீட்டிவிட்டான். அம்மா தன் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுக்கிறார். மகளுக்கு அந்தப் பழக்கம் யாரிடமிருந்து வந்தது என்று அப்போது தெரிகிறது. "மலையிலயே இருக்கறவருன்னு சொன்னியே?" என்று அவளைப் பார்க்கிறார். அவன் வாய் திறப்பதற்குள் அவள் சொல்லிவிடுகிறாள்: "இல்லம்மா. செவ்வாப்பேட்டை. எனக்கு மொத நாளே தெரியும்."

பொய் சொன்னவன் முகத்தில்தான் அப்போது அதிர்ச்சி. ஆறு வாரம் வளைவு வளைவாக வயிற்றைக் கட்டுப்படுத்தியது எதற்காக?

பஸ் அங்கே திரும்ப முடியாது. இன்னும் ஆறு வளைவு ஏறியே ஆக வேண்டும். மறைக்க ஒன்றுமில்லாமல் நாலு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நாலு நிமிடம். பதினெட்டாவது வளைவுவரை பேச்சே இல்லை, கியர் சத்தம் மட்டும். பிறகு மாமன்: "அப்ப எஸ்டேட்டு?"

"இல்லீங்க."

"காபியாச்சும் குடிப்பீங்களா?"

அதே மாடியில் இரண்டாவது முறை போட்டபோது பெரிய சிரிப்பு இங்கேதான் வந்தது. சிரிப்பை எண்ணுவதை நான் பத்தாவது நிமிடத்திலேயே விட்டுவிட்டேன், யாரும் செல்போனை எடுக்காதது போதுமாக இருந்தது. படம் ஏற்காட்டைத் தொடவே இல்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பெங்களூரு மாப்பிள்ளை முகமே காட்டாத ஒரு சாக்கு, அது தெரிகிறது. வீட்டுக் காட்சிகளில் டப்பிங் உதட்டோடு ஒட்டவில்லை. பொய் சொன்னவனுக்குத் தண்டனையே இல்லையே என்று ஒரு பெரியவர் கேட்டார். வளைவு வளைவாக ஆறு வாரம் அனுபவித்தானே என்று பாட்டி பதில் சொல்லிவிட்டார்.

கடைசி ஷாட்டில் அவள் முதல் முறையாக மலைக்குப் போகாமல் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு வருகிறாள். அறுந்த கொலுசை மேசையில் வைக்கிறாள். அவன் பொடி வைத்து ஊதுகிறான். பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்க வேண்டும் என்கிறார் இயக்குநர். சமதரையில் எதற்குப் பழம் என்கிறேன் நான். இரண்டு விதமாகவும் வெட்டி வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன, புரட்டாசியில்தான் மறுபடி உட்கார வேண்டும்.